பரணில் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புத் தோசைக்கல்: காயலான் கடைக்கா, மீண்டும் அடுப்புக்கா?

சொந்த ஊரில் இருந்து திரும்பும்போது பலர் கையில் ஒரு கனமான பார்சல் இருக்கும். பிரித்துப் பார்த்தால், பாட்டியோ அம்மாவோ பல வருஷம் தோசை வார்த்த இரும்புக்கல். 'நான்ஸ்டிக் வேண்டாம், இதுல சுட்டுச் சாப்பிடு' என்று கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ வந்து சேர்ந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கும். முதல் நாள் தோசை ஒட்டும், இரண்டாவது நாள் பிய்யும். மூன்றாவது நாள் கல் சிங்கில் ஊறும், நான்காவது நாள் துரு ஏறும். அப்புறம் நேராகப் பரண்தான்.

ஆறு மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால் செம்மண் பூசியது போல இருக்கும். 'இது அவ்ளோதான்' என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில், அப்படிப் போகிற கல்லில் பெரும்பாலானவற்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மீட்டுவிடலாம். தேவையானவை கொஞ்சம் வினிகர், சில சொட்டு எண்ணெய், நிறையப் பொறுமை.

எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும், எந்தக் கல்லை விட்டுவிட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கல்லைப் பழக்குவது' என்றால் என்ன?

யூடியூப் வீடியோக்களில் 'சீசனிங்' என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு ரொம்ப நாளாகவே ஒரு பெயர் உண்டு: கல்லைப் பழக்குவது. புதுக்கல்லில் தோசை ஒட்டும், பழகின கல்லில் ஒட்டாது. இந்த 'பழக்கம்' என்பது இரும்பின் குணம் மாறுவதால் வருவதில்லை. இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாவதால் வருகிறது.

எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிச் சூடாக்கும்போது, அதன் மூலக்கூறுகள் காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. சங்கிலி சங்கிலியாகக் கோத்து, கடைசியில் கெட்டியான, வழவழப்பான கறுப்புப் படலமாக இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. வேதியியலில் இதன் பெயர் பாலிமரைசேஷன். இப்படி மாறிய பிறகு அது எண்ணெய் இல்லை, ஒருவகைப் பூச்சு. அதனால்தான் கழுவினாலும் போவதில்லை.

இதை நேரில் பார்க்க வேண்டுமா? சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையைத் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு இருக்கும். அதுவும் கிட்டத்தட்ட இதே வேதியியல்தான். ஃபேனில் அது அரைகுறையாக நடக்கிறது, அதனால் பிசுபிசுக்கிறது. கல்லில் சரியான சூட்டில் முழுசாக நடக்க வைத்தால் வழவழப்பாகிறது.

துரு என்பது இதற்கு நேர் எதிரான கதை. படலம் இல்லாத இரும்பு, தண்ணீரும் ஆக்சிஜனும் கிடைத்தவுடன் இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஊரில் வருஷக்கணக்கில் துருப்பிடிக்காமல் இருந்த கல், சென்னைக்கு வந்த சில மாதங்களில் சிவந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரில் அது தினமும் எண்ணெய் பார்த்தது, இங்கே பார்க்கவில்லை என்பது இன்னொரு காரணம்.

முதலில் சோதனை: எந்தக் கல் பிழைக்கும்?

வேலையை ஆரம்பிக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகைக் கல் என்று பாருங்கள். கடைகளில் 'இரும்புக்கல்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை கிடைக்கின்றன.

ஒன்று வார்ப்பிரும்பு. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்வது. 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். தடிமன், கனம் இரண்டும் அதிகம். கல்லும் கைப்பிடியும் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். தரையில் ஓங்கி விழுந்தால் உடைந்துபோகலாம்.

இன்னொன்று இரும்புத் தகட்டில் வெட்டிச் செய்வது. இதில் கார்பன் மிகக் குறைவு. விழுந்தால் உடையாது, நெளியும். ஹோட்டல்களில் இருக்கும் பெரிய தோசைக்கல்லும் பொதுவாகத் தடிமனான தகடுதான்.

இரண்டையும் மீட்கும் முறை ஒன்றுதான். ஆனால் வார்ப்பிரும்பைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் விரிசல் விடலாம். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்து மூன்று சோதனைகள்:

தட்டிப் பாருங்கள். கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, கரண்டியால் லேசாகத் தட்டுங்கள். 'கணீர்' என்று கேட்டால் நல்லது. 'டொக்' என்று அடங்கிப்போனால் எங்கோ விரிசல் இருக்கலாம். வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் உற்றுப் பாருங்கள்.

ஆட்டிப் பாருங்கள். சமமான தரையில் வைத்து அழுத்தினால் ஆடுகிறதா? லேசான ஆட்டம் கேஸ் அடுப்புக்குப் பரவாயில்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்குச் சரிப்படாது.

சுரண்டிப் பாருங்கள். துரு தூளாக உதிர்ந்து, அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் அது மேலோட்டமான துரு. குழி குழியாக அரித்திருந்தாலும் மீட்கலாம், வழவழப்பு வர மட்டும் அதிக நாள் ஆகும்.

விரிசல் விட்ட கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டாம். சூட்டில் விரிசல் பெரிதாகி இரண்டாகப் பிளக்கலாம். பெயிண்ட் வேலைக்கோ வேறு ரசாயன வேலைக்கோ பயன்பட்ட கல்லையும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். இவை இரண்டும் தாராளமாகக் காயலான் கடைக்குப் போகலாம். இரும்பை மறுபடி உருக்கிப் பயன்படுத்த முடியும் என்பதால் அதுவும் வீணாகப் போவதில்லை.

துருவை எடுப்பது எப்படி?

தேவையானவை: இரும்பு நார், கல் உப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், வெள்ளை வினிகர், சமையல் சோடா, பழைய காட்டன் துணி, கையுறை. துரு ரொம்ப மோசமாக இருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உப்புத்தாளும் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: பழைய பிசுக்கு. கல்லின் ஓரத்திலும் அடியிலும் மேடு மேடாகக் கறுப்புக் கரி படிந்திருக்கும். சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தோசைத் திருப்பியால் சுரண்டுங்கள். எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கெட்டியாக, சமமாக ஒட்டியிருக்கும் கறுப்பு நல்ல படலம், அதை விட்டுவிடலாம். உதிர்கிற, செதில் செதிலாக நிற்கிற கறுப்பு மட்டும் போனால் போதும்.

படி 2: உலர் தேய்ப்பு. கல் உப்பைத் தூவி, இரும்பு நாரால் வட்டமாகத் தேயுங்கள். பாதித் துரு இங்கேயே தூளாக வந்துவிடும். அந்தக் காலத்தில் செங்கல் துண்டை வைத்துத் தேய்த்ததும் இதே வேலைதான்.

படி 3: வினிகர் குளியல். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கல் மூழ்கும்படி ஊற்றுங்கள். அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் துரு தீர்ந்ததும் அது நல்ல இரும்பையும் அரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. 30 நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

வினிகர் இல்லையா? புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: வினிகருடன் ப்ளீச்சிங் பவுடரையோ, ப்ளீச் கலந்த கிளீனரையோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். விஷத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியேறும்.

படி 4: கழுவி, உடனே காய வைப்பது. லிக்விட் சோப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கடைசி அலசலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் மிச்சமிருக்கும் அமிலம் அடங்கிவிடும். இனி ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்கக் கூடாது. படலமே இல்லாத வெறும் இரும்பு, ஈரத்தோடு இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். துணியால் துடைத்து, அடுப்பில் சின்ன தீயில் 5 நிமிஷம் வைத்து முழுசாகக் காய வையுங்கள்.

விறகடுப்புத் தணலில் போட்டுச் சுட்டெடுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். கரி போகும் என்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடில்லாத சூட்டில் வார்ப்பிரும்பு விரியலாம், தகட்டுக்கல் நெளியலாம். கல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இந்த ரிஸ்க் வேண்டாம்.

எந்த எண்ணெய் நல்லது?

படலம் உருவாக வேண்டும் என்றால் எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு, குறிப்பாகப் பல பிணைப்புள்ள வகை, அதிகம் இருக்க வேண்டும். அந்த மூலக்கூறுகள்தான் ஒன்றோடு ஒன்று எளிதில் பின்னிக்கொள்ளும்.

சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும் இதற்கு ஏற்றவை. நம் வீட்டு நல்லெண்ணெயும் நன்றாகவே வேலை செய்யும். அதன் கொழுப்பில் சுமார் 40 சதவீதம் லினோலிக் அமிலம். தலைமுறை தலைமுறையாகத் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் என்று வைத்திருந்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை என்று இதைப் பார்த்தால் புரியும். கடலை எண்ணெயும் பரவாயில்லை.

தேங்காய் எண்ணெய், நெய் இரண்டும் பழக்குவதற்கு ஏற்றவை இல்லை. அவற்றில் நிறைவுற்ற கொழுப்புதான் அதிகம், பின்னல் சரியாக விழாது. கல் பழகிய பிறகு நெய் ரோஸ்ட் போடத் தடையில்லை.

இணையத்தில் அதிகம் பேசப்படுவது ஆளி விதை எண்ணெய். மிக வேகமாகவும் கெட்டியாகவும் படலம் போடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படலம் சில சமயம் செதிலாக உதிர்வதும் உண்டு. விலையும் அதிகம். அதைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

பழக்குவது: கேஸ் அடுப்பு முறை

பெரும்பாலான வீடியோக்கள் அவனில் 230 முதல் 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லும். நம் ஊர் வாடகை வீடுகளில் பலருக்கு அவன் இருக்காது. இருந்தாலும் 12 இஞ்ச் தோசைக்கல் உள்ளே போகாது. அடுப்பிலேயே செய்யலாம்.

முதலில் ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். புகை வரும்.

1. காய்ந்த கல்லைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கைப்பிடி எல்லா இடத்திலும் தடவுங்கள்.

2. இப்போது இன்னொரு காய்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெய் தடவிவிட்டது போல எல்லாவற்றையும் துடைத்து எடுங்கள். கல் பளபளக்கக் கூடாது, லேசாக மங்கலாகத் தெரிய வேண்டும். இதில் தவறும் ஆட்கள்தான் அதிகம். எண்ணெய் அதிகமானால் படலத்துக்குப் பதில் ஒட்டும் பிசின்தான் கிடைக்கும்.

3. மிதமான தீயில் வையுங்கள். லேசாகப் புகை எழும்பியதும் தீயைக் கொஞ்சம் குறைத்து, 10 நிமிஷம் விடுங்கள். பர்னர் நடுவை மட்டும்தான் சூடாக்கும். அதனால் ஓரங்களும் சூடு பார்க்கும்படி இடுக்கியாலோ தடிமனான துணியாலோ பிடித்து அவ்வப்போது கல்லை நகர்த்துங்கள்.

4. அடுப்பை அணைத்து, கல் தானாகவே ஆறட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம்.

5. இதையே 4 முதல் 6 தடவை திரும்பச் செய்யுங்கள். சாம்பல் நிறம் முதலில் பழுப்பாகும், பிறகு காப்பிக் கொட்டை நிறமாகும், கடைசியில் கறுக்கும்.

அடுப்பில் எண்ணெய்க்கல்லை வைத்துவிட்டு மீட்டிங் காலுக்குப் போகாதீர்கள். ஒருவேளை எண்ணெய் தீப்பிடித்தால், கேஸை அணைத்துவிட்டு மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் இருக்கிறதா? இரும்பு அதில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சுருள் இருக்கும் வட்டம் மட்டும் படுவேகமாகச் சூடேறும். குறைந்த பவரில் ஆரம்பித்து, 5 நிமிஷம் கழித்து மெதுவாக ஏற்றுங்கள். கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல், தூக்கி வையுங்கள்.

கஞ்சித்தண்ணி, வெங்காயம்: பாட்டி வைத்தியத்தில் விஷயம் இருக்கிறதா?

புதுக்கல் வாங்கினால் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற வைப்பது பல வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். தினமும் கஞ்சியை மாற்றுவார்கள். புளித்த கஞ்சி லேசான அமிலம். புதுக்கல்லில் இருக்கும் தூளையும் அழுக்கையும் மெதுவாக நெகிழ்த்தி எடுக்கும். அதாவது, அது பழக்குவதற்கு முந்தைய சுத்தம் செய்யும் கட்டம். துருப்பிடித்த கல்லுக்கு வினிகர் அதே வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். கஞ்சியோடு நிறுத்திவிட்டு எண்ணெய் காட்டாமல் விட்டால், கல் மறுபடி துருப்பிடிக்கும்.

பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பதும் வெறும் சடங்கு இல்லை. ஒட்டியிருக்கும் துகள்களை எடுக்கிறது, எண்ணெயை மெல்லியதாகப் பரப்புகிறது, கூடவே கல்லின் அதிகச் சூட்டையும் கொஞ்சம் இறக்குகிறது. பிரஷ், துணி, தெர்மாமீட்டர் மூன்றின் வேலையையும் அரை வெங்காயம் செய்துவிடுகிறது.

ஹோட்டல் மாஸ்டர் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளுவதும் இதே காரணத்துக்குத்தான். கல் ரொம்பக் காய்ந்திருந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வரும். தண்ணீர் சூட்டை இறக்கிய பிறகுதான் மாவு பரவும். வீட்டிலும் சில துளிகள் தெளிக்கலாம், தப்பில்லை. காய்ந்த வார்ப்பிரும்பைக் குழாய்க்கு அடியில் நீட்டுவதுதான் தப்பு.

முதல் வாரம் என்ன சமைக்கலாம்?

ஆறு தடவை பழக்கிய கல்லிலும் முதல் நாளே பேப்பர் ரோஸ்ட் வராது. முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தாராளமாகச் சேரும் அயிட்டங்களைப் போடுங்கள்: வெங்காயம் வதக்கல், அடை, ஊத்தப்பம், உருளைக்கிழங்கு ரோஸ்ட். ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

தோசைக்கு வரும்போது மூன்று விஷயம். மாவை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே ஊற்ற வேண்டாம், அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டால் அது முத்தாக உருண்டு ஓட வேண்டும். அந்தச் சூடு வந்ததும் தீயைக் குறைத்து, வெங்காயத்தால் தேய்த்து, பிறகு மாவை ஊற்றுங்கள். தோசை ஓரம் தானாக எழும்பும் வரை திருப்பியை உள்ளே விட வேண்டாம். வெந்த தோசை தானாகவே கல்லை விடும், வேகாததுதான் பிய்யும்.

'தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே' என்று வீட்டில் சொல்வார்கள். அதிலும் அர்த்தம் இருக்கிறது. எண்ணெயே இல்லாத அதிகச் சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் படலம் கருகி மெலிந்துவிடும். உதிர்ந்த மாவும் கரிந்து ஒட்டிக்கொள்ளும். முடிந்தால் சப்பாத்திக்குத் தனிக்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்றவற்றைப் புதிதாகப் பழக்கிய இரும்பில் கொதிக்க விட வேண்டாம். அமிலம் படலத்தைக் கரைத்துவிடும், குழம்பிலும் இரும்பு வாசம் அடிக்கும். தோசை மாவும் புளித்ததுதானே என்று கேட்கலாம். அது கல்லில் இருப்பது ஒன்றிரண்டு நிமிஷம், அதுவும் எண்ணெய்க்கு மேலே. அதனால் பாதிப்பு தெரிவதில்லை.

இரும்புக்கல்லில் சமைத்தால் இரும்புச்சத்து கிடைக்குமா?

கிடைக்கும். எவ்வளவு என்பது என்ன சமைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிள் சாஸை வார்ப்பிரும்பில் சமைத்தபோது 100 கிராமில் 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7.38 மில்லிகிராமாக உயர்ந்தது. ஆப்பிள் சாஸ் அமிலமும் ஈரமும் உள்ள உணவு. நன்கு பழகிய கல்லில், எண்ணெய் விட்டு, இரண்டு நிமிஷத்தில் சுடும் தோசைக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அதில் சேர்வது மிகக் குறைவு.

இந்தியாவில் இது சாதாரண விஷயம் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 53.4 சதவீதம். இரும்புப் பாத்திரம் ஒரு சின்ன உதவி, சிகிச்சை இல்லை. ரத்தசோகை இருந்தால் கல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. தலசீமியா உள்ளவர்கள், உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்கள் இரும்புப் பாத்திரம் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்ஸ்டிக் அவ்வளவு மோசமா?

பயமுறுத்தத் தேவையில்லை. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நான்ஸ்டிக் பூச்சில் பெரும்பாலும் இருப்பது பி.டி.எஃப்.இ. 1938-ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்து, டெஃப்லான் என்ற பெயரில் பிரபலமான அதே பொருள். சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது சிதைய ஆரம்பிக்கும். காலியான நான்ஸ்டிக் தவாவைப் பெரிய தீயில் மறந்துவிட்டால் சில நிமிஷங்களில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

அந்தப் பூச்சைத் தயாரிக்க முன்பு பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் சேர்த்தது. பெரிய நிறுவனங்கள் பல அதற்கு முன்பே அதைக் கைவிட்டுவிட்டன. கீறல் இல்லாத நான்ஸ்டிக்கை மிதமான தீயில் பயன்படுத்துவதில் பெரிய சிக்கல் இல்லை.

உண்மையான வித்தியாசம் ஆயுளில் இருக்கிறது. நான்ஸ்டிக் பூச்சு போய்விட்டால் வீட்டில் திரும்பப் பூச முடியாது, வேறு வாங்கத்தான் வேண்டும். இரும்புக்கல்லின் பூச்சை நீங்களே போட்டுக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். அதே சமயம், இரும்பு கனம். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது சரிப்படாமல் போகலாம். அவர்களை இதற்குக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப் போட்டுக் கழுவலாமா? போடலாம். இப்போதைய லிக்விட் சோப்பின் ஒரு சொட்டு, சரியாகப் பிடித்த படலத்தை எடுக்காது. படலத்துக்கு எதிரி இரும்பு நாரும், சிங்கில் ஊறப்போடுவதும்தான்.

தோசையில் கறுப்புத் துகள் ஒட்டி வருகிறதே? அது பெரும்பாலும் கரிந்த எண்ணெய்ச் செதில். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் படலம் உதிர்கிறது என்பதற்கு அது அறிகுறி. தேய்த்து எடுத்துவிட்டு இரண்டு முறை பழக்குங்கள்.

கல் பிசுபிசுவென ஒட்டுகிறதே? எண்ணெய் அதிகமாகிவிட்டது. புது எண்ணெய் எதுவும் விடாமல், மிதமான தீயில் இன்னொரு 15, 20 நிமிஷம் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் சோடா போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

துருவினால் டெட்டனஸ் வருமா? டெட்டனஸ் ஒரு பாக்டீரியாவால் வருவது. மண்ணிலும் அழுக்கிலும் இருக்கும் அந்தக் கிருமி காயம் வழியாக உடலுக்குள் போகிறது. துருவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதற்காகத் துருவோடு சமைத்துச் சாப்பிடலாம் என்றும் அர்த்தமில்லை.

தினசரி 3 நிமிஷம்

சமைத்து முடித்ததும், கல் ஆறிய பிறகு வெந்நீரில் துணியாலோ மென்மையான ஸ்கிரப்பராலோ கழுவுங்கள். ஒட்டியிருந்தால் கல் உப்பு போட்டுத் தேயுங்கள். அடுப்பில் ஒரு நிமிஷம் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடையுங்கள். மேலே வேறு பாத்திரம் அடுக்குவதாக இருந்தால் இடையில் ஒரு துணியோ காகிதமோ வையுங்கள். மழைக்காலத்தில் சிங்குக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்காதீர்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் ஒருமுறை பழக்கி, காகிதத்தில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் இரும்புக்கல்லைப் பாதுகாத்தது எண்ணெய் மட்டும் இல்லை. அதை ஒரே ஆள் கையாண்டார், அந்த ஒருவருக்கு எல்லா விதியும் தெரிந்திருந்தது. அவர் யாருக்கும் எழுதி வைக்கவும் இல்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கல் நகரத்துக்கு வந்ததும் துருப்பிடித்த கதையில் பாதி இதுதான். இப்போது நான்கு பேர் தங்கியிருக்கும் ஃபிளாட்டில், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழக்கிய கல்லை, திங்கட்கிழமை ரூம்மேட் ஒருவர் நல்ல மனசோடு சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு ஆபீஸ் போகலாம்.

அதனால் வேலை முடிந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். மூன்றே வரி போதும்: 'ஊறப்போடாதே. ஈரத்தோடு விடாதே. எண்ணெய் தடவி வை.'